குழந்தைக்குப் புரியாத நலக்கல்வி யாருக்காக?

இந்தியப் பள்ளிகளில் நலக்கல்விக்கான நூல்கள் தேர்ந்தெடுக்கப்படும் முறை விந்தையானது. பெரும்பாலும் தலைநகரில் ஆங்கிலத்தில் ஒரு கையேடு உருவாகிறது. அது இந்திக்குப் போகிறது. பிறகு மாநில மொழிகளுக்குப் போகிறது. அறிவியல் பிழை இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கிறார். யாரேனும் புண்படக்கூடிய படம் இருக்கிறதா என்று அதிகாரி பார்க்கிறார். அச்சுச் செலவைக் கணக்குப் பிரிவு பார்க்கிறது. இத்தனை பேரும் பார்த்து முடித்து, நூல் இலட்சக்கணக்கில் அச்சாகி, மூட்டையாகக் கட்டப்பட்டுப் பள்ளிக்கு வந்து சேர்ந்த பிறகே அது யாருக்காக எழுதப்பட்டதோ அந்தப் பன்னிரண்டு அகவைச் சிறுமியின் கைக்குப் போகிறது. இது அவளுக்குப் புரிகிறதா என்று நூலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கேட்கும் வழக்கம் இந்நாட்டில் வேரூன்றவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் செய்யப்படுவது கொள்முதல். அதைத் தேர்வு என்று அழைக்க முடியாது.

இதை வெறும் நிர்வாகக் குறையாக எண்ணிக் கடந்துபோக முடியாது. கணிதப் பாடம் புரியாத குழந்தை மதிப்பெண்ணை இழக்கிறது. நலக்கல்வி புரியாத குழந்தை எதை இழக்கிறது என்பதற்கு விடைத்தாள் கிடையாது. அந்த விடை நோயாகவோ, சொல்லப்படாத வன்முறையாகவோ, சில நேரம் உயிரிழப்பாகவோ வருகிறது.

*

ஏட்டளவில் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் ஓர் அங்கமாக 2020 பிப்ரவரியில் பள்ளி நலவாழ்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை, வாரம் ஒரு மணி நேரம், 11 கருப்பொருள்கள். வளரிளம் பருவம், மனநலம், பாலினச் சமத்துவம், ஊட்டச்சத்து, போதைப்பொருள் தவிர்ப்பு, இனப்பெருக்க நலமும் எச்.ஐ.வி. தடுப்பும், வன்முறையிலிருந்து பாதுகாப்பு, இணையப் பாதுகாப்பு என எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரும் ஓர் ஆசிரியையும் நலத்தூதர்களாகப் பயிற்சி பெற வேண்டும். பயிற்சிக் கையேட்டைத் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் உருவாக்கியது. பட்டியலில் குறை காண்பது கடினம்.

பட்டியலிலிருந்து குழந்தையின் காது வரையிலான தொலைவை அளந்து பார்த்தால்தான் குறை தெரியும். இரும்புச்சத்துக் குறைபாட்டையே எடுத்துக்கொள்ளலாம். வளரிளம் பருவத்தினருக்கு வாரந்தோறும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் தேசியத் திட்டம் 2013இல் தொடங்கியது. 15 முதல் 19 அகவை வரையுள்ள பெண்களில் இரத்தசோகை உடையோர் 2015–16ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வில் 54.1 விழுக்காடு; 2019–21ஆம் ஆண்டு ஆய்வில் 59.1 விழுக்காடு. இந்த உயர்வுக்கு நூல்கள்தாம் காரணம் என்று எவரும் வாதிட முடியாது. வறுமை, உணவு, மருந்து வழங்கலில் தடைகள், அளவிடும் முறை எனக் காரணங்கள் பல. ஆனால் மாத்திரை கைக்கு வந்த பிறகு அதை விழுங்குவதா, சன்னலுக்கு வெளியே எறிவதா என்று முடிவு செய்வது அந்த மாணவிதான். அந்த முடிவுக்கு நூல் என்ன உதவி செய்தது?

இந்திக் கையேடுகளில் இரத்தசோகைக்கு வழங்கும் சொல் ‘ரக்தால்பதா’. வீட்டில் அதே செய்தி ‘கூன் கீ கமீ’, அதாவது இரத்தம் குறைவு. தமிழில் ‘இரத்தசோகை’ என்று அச்சாகிறது. ஆனால் எந்தச் சிறுமியும் தாயிடம் போய் “அம்மா, எனக்கு இரத்தசோகை” என்று சொல்வதில்லை. “எந்திரிச்சா கண்ணு இருட்டுது”, “மாடி ஏறினா மூச்சு வாங்குது” என்கிறாள். நூலில் இருக்கும் நோயும் தன் உடலில் இருக்கும் இருட்டும் ஒன்றே என்று அவளுக்கு யார் சொல்வது? அதைச் சொல்வதற்குத்தானே நூல்?

அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. இரும்புச்சத்து மாத்திரை உண்டால் மலம் கறுப்பாகும். சிலருக்குக் குமட்டும், வயிறு வலிக்கும். வெறும் வயிற்றில் உண்டால் இத்தொல்லை கூடும். ஆகவே உணவுக்குப் பின் உண்ண வேண்டும். தேநீரோடு சேர்த்து உண்டால் சத்து உடலில் சேர்வது குறையும். முன்கூட்டியே அறிந்த குழந்தைக்கு இவை சிறு தொல்லைகள். அறியாத குழந்தைக்குக் கறுத்த மலம் பேரச்சம். மறுநாள் அவ்வச்சம் வகுப்பு முழுவதும் பரவும். அடுத்த வாரம் பெற்றோர் பள்ளி வாசலில் நிற்பர். ஹீமோகுளோபின் மூலக்கூற்றின் படத்தை அழகாக அச்சிட்டுவிட்டு இந்த ஐந்து வாக்கியங்களை விட்டுவிடும் நூல் அறிவியல்படி பிழையற்றதாக இருக்கலாம். நலக்கல்வி நூலாக அது தோல்வி.

*

இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் கடுமையானது.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012இல் நிறைவேறியது. குற்றத்தை வரையறுக்கும் அதன் 3ஆம் பிரிவு உடலுறுப்புகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. குழந்தையின் வாக்குமூலத்தைக் குழந்தை பேசியபடியே பதிவு செய்ய வேண்டும் என்கிறது 26ஆம் பிரிவு. தேவையெனில் மொழிபெயர்ப்பாளரின் உதவியையும் பெறலாம் என்கிறது. மொழியின் இடத்தை இந்தச் சட்டம் உணர்ந்த அளவுக்குப் பள்ளி நூல்கள் உணரவில்லை.

இந்தி நூல்களில் குழந்தை கற்கும் சொல் ‘குப்தாங்க்’. மறைக்கப்பட்ட உறுப்பு என்று பொருள். தமிழ் நூல்களில் ‘அந்தரங்க உறுப்பு’, ‘மறைவிடம்’. ஒரே மூடியின் கீழ் நான்கைந்து உறுப்புகள். கை, கால், மூக்கு, முழங்கை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் கற்றுக்கொடுக்கும் பள்ளி, குழந்தைக்கு மிகுந்த தீங்கு நேரக்கூடிய இடத்துக்கு வரும்போது பெயரைப் பிடுங்கிக்கொள்கிறது. அங்கே தீங்கு நேர்ந்தால் எந்தச் சொல்லைக் கொண்டு அந்தக் குழந்தை முறையிடும்? ‘அங்கே’ என்று கை காட்டும் குழந்தையின் வாக்குமூலம் குறுக்கு விசாரணையில் என்ன பாடுபடும் என்பதை ஊகிக்கச் சட்டப் படிப்பு தேவையில்லை.

இதற்கு மாற்றாக வந்த ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ பாடமும் சிந்திக்காமல் பெயர்க்கப்பட்டதே. ஆங்கிலத் தொடரின் நேர் பெயர்ப்பு அது. தமிழில் ‘கெட்ட’ என்னும் சொல் தனியாக வருவதில்லை. ‘கெட்டுப்போனவள்’ என்னும் வசை அதற்குப் பின்னாலேயே நிற்கிறது. வன்முறைக்கு ஆளான பெண்ணையே குற்றவாளியாக்கும் சொல் அது. தன்மேல் பட்டது கெட்ட தொடுதல் என்று கற்ற சிறுமி, தான் கெட்டுப்போய்விட்டதாக எண்ணிக்கொள்ள எத்தனை நேரமாகும்? மேலும், இத்தகைய வழக்குகளில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர் என்று தேசியக் குற்றப் பதிவு ஆவணங்கள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. நல்ல மாமா, நல்ல தாத்தா, நல்ல அண்ணன் தொடுவது எப்படிக் கெட்ட தொடுதலாகும் என்னும் குழப்பத்தை இந்த நல்லது–கெட்டது இருமை தீர்ப்பதில்லை, வளர்க்கிறது. ‘பாதுகாப்பான, பாதுகாப்பற்ற’ என்று மாற்றியவர்கள் ஒரு படி முன்னேறினார்கள். ‘யார் தொட்டாலும் சரி, உனக்குப் பிடிக்கவில்லை என்றால், குழப்பமாக இருந்தால், யாரிடமும் சொல்லாதே என்று தொட்டவர் சொன்னால், என்னிடம் வந்து சொல்; தவறு உன்னுடையதில்லை’ என்று நீட்டி எழுதும் நூலே தேர்வுக்கு உரியது. வடிவமைப்பவர்களுக்கு அது நீளமாகத் தோன்றலாம். குழந்தைக்கு அது தேவை.

அச்சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளில் 3ஆவது விதி, அகவைக்கு ஏற்ற கல்விப் பொருள்களை மத்திய, மாநில அரசுகள் உருவாக்க வேண்டும் என்கிறது. அகவைக்கு ஏற்ற என்பதை ‘எதைச் சொல்லாமல் விடலாம்’ என்றே நிர்வாகம் பொருள்கொண்டு வந்திருக்கிறது. ‘எந்தச் சொல்லால் சொன்னால் விளங்கும்’ என்பதும் அதன் பொருளே.

*

சொல்தேர்வு எப்படி நூலின் நோக்கத்தையே முறியடிக்கும் என்பதற்கு வேறிரு சான்றுகள்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அதன் பின் வந்த அச்சத்தின் காலத்தில் ‘உயிர்க்கொல்லி நோய்’ என்னும் அடைமொழி தமிழில் நிலைத்துவிட்டது. 2004 முதல் அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக வழங்குகிறது. மருந்தை முறையாக எடுத்துக்கொள்வோர் நீண்ட காலம் நலமாக வாழ்கின்றனர். தொற்றுடைய குழந்தைக்குப் பள்ளியில் இடம் மறுப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் அதே பள்ளியின் சுவரில் ‘உயிர்க்கொல்லி’ என்ற சொல் இருந்தால், அந்த வகுப்பில் தொற்றுடன் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு அச்சுவரொட்டி என்ன சொல்கிறது? சட்டம் தடுக்கும் ஒதுக்குதலை நூல் கற்பிக்கிறது. அச்சமூட்டினால் அறிவு வளரும் என்னும் நம்பிக்கைக்கும் சான்றில்லை. 2019–21ஆம் ஆண்டு ஆய்வின்படி எச்.ஐ.வி. பற்றி முழுமையான அறிவு பெற்றோர் பெண்களில் 21.6 விழுக்காடு, ஆண்களில் 30.7 விழுக்காடு.

மற்றொன்று மனநலம். தமிழ் ஊடகங்களும் பல துண்டு வெளியீடுகளும் ‘மன அழுத்தம்’ என்னும் ஒரே சொல்லை இரண்டு வேறு நிலைகளுக்குப் பயன்படுத்துகின்றன. தேர்வுக்கு முந்தைய இரவின் பதற்றமும் மன அழுத்தம். வாரக்கணக்கில் உணவும் உறக்கமும் கெட்டு, வாழ்வில் எதுவும் பிடிக்காமல் போகும் நோயும் மன அழுத்தம். இந்தியில் ‘தனாவ்’ என்றும் ‘அவசாத்’ என்றும் இரு சொற்கள் உண்டு. ஆனால் இரண்டாவது சொல் பள்ளிப் பிள்ளையின் அன்றாடப் பேச்சில் அரிது. விளைவு ஒன்றே. நோயுற்ற மாணவனிடம் “எல்லோருக்கும் இருப்பதுதான், யோகா செய், நேரத்தை ஒழுங்குபடுத்து” என்று நூல் அறிவுரை சொல்கிறது. 2022இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்றப் பதிவு ஆவணம் தெரிவிக்கிறது. இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டாத நூலை, 14416 என்னும் தேசிய மனநல உதவி எண்ணையோ 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையோ அச்சிடாத நூலை, எந்த மனச்சான்றோடு ஒரு குழு ஏற்பளிக்கிறது?

*

நூலைத் தடை செய்வோரும் இதே குற்றத்தின் மறுபக்கம். வளரிளம் பருவக் கல்வித் திட்டம் 2005இல் தொடங்கியது. 2007இல் மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம், கருநாடகம், குசராத்து உள்ளிட்ட பல மாநிலங்கள் அதை நிறுத்தின. படங்கள் பண்பாட்டுக்கு எதிரானவை என்பது முதன்மையான குற்றச்சாட்டு. வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2009இல் பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்று பரிந்துரைத்தது. அந்த விவாதம் முழுவதும் பெரியவர்களின் நாணத்தைச் சுற்றியே நடந்தது. எதிர்த்தவர்கள் “இதை எப்படிக் காட்டுவது?” என்றார்கள். ஆதரித்தவர்கள் “இதைக் காட்டித்தான் ஆக வேண்டும்” என்றார்கள். படத்தைப் பார்த்த குழந்தைக்கு என்ன விளங்கியது, எது விளங்கவில்லை, எந்தக் கேள்வி எஞ்சியது என்னும் தரவு விவாதத்தின் நடுவில் வந்திருந்தால் இரு தரப்பும் வேறு தொனியில் பேசியிருக்கும். அது இல்லாத இடத்தில் உரக்கக் கத்தியவரே வென்றார். பிள்ளைகள் தங்கள் ஐயங்களைக் கைப்பேசியிடம் கொண்டுபோனார்கள்.

இலவசமாக வரும் நூல்களின் கதை வேறு. அரசுப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் ஒரு நிறுவனம் வண்ணப் புத்தகங்களும் பரிசுப் பைகளும் கொண்டுவந்தால் மறுப்பது கடினம். அணையாடை விற்பவர் தரும் மாதவிடாய்ப் புத்தகத்தில் துணி பயன்படுத்துவது பெரும்பாலும் அறியாமையாகவும் நோயின் மூலமாகவும் மட்டுமே காட்டப்படுகிறது. சோப்பிட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்திய தூய துணி தீங்கானதன்று என்னும் செய்தியால் விற்பனைக்குப் பயன் இல்லை. கொல்லையில் மறைத்து உலர்த்தும் கட்டாயம், பள்ளிக் கழிவறையில் நீர் இல்லாமை, பயன்படுத்திய அணையாடையைப் போட இடமில்லாமை ஆகியவை அப்புத்தகத்தில் இடம்பெறுவதில்லை. அவற்றைச் சொன்னால் பேச வேண்டியது அரசோடு, கடையோடு அன்று.

உணவிலும் இதே கதைதான். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி செய்தது. வாசலில் நிறுத்தப்படும் பண்டத்தைத் தயாரிக்கும் நிறுவனம், ‘சமச்சீர் உணவு’ என்ற தலைப்போடு வகுப்பறைக்குள் வந்தால் அதை எந்த விதி தடுக்கும்? கோக்கோ கோலா நிறுவனத்தின் நிதியில் இயங்கிய ஆய்வு வலையமைப்பு ஒன்று, உடற்பருமனுக்குத் தீனியைவிட உடற்பயிற்சிக் குறைவே காரணம் என்னும் கருத்தைப் பரப்பியது 2015இல் அமெரிக்காவில் வெளிச்சத்துக்கு வந்தது. ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தும், எதைச் சொல்வது எதை விடுவது என்பதில் பொய் ஒளிந்திருக்க முடியும். நூல்தேர்வுக் குழு படிக்க வேண்டியது விடுபட்டவற்றையும் சேர்த்தே.

*

இங்கே வழக்கமான மறுப்பு ஒன்று வரும். “நூல் எப்படியிருந்தாலும் ஆசிரியர் அதை எளிமையாக்கிச் சொல்லிவிடுவார்.” நடைமுறை அறிந்தவர் இதைச் சொல்ல மாட்டார். இனப்பெருக்க மண்டலம் பற்றிய பாடம் வரும்போது “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று பக்கத்தைப் புரட்டிய ஆசிரியரை நினைவில் வைத்திருக்காத இந்தியர் அரிது. அதில் அவரை மட்டும் பழிப்பதும் நேர்மையன்று. அவரும் அதே வீட்டில், அதே மௌனத்தில் வளர்ந்தவர். பயிற்சியோ தேசிய அளவிலிருந்து மாநிலம், மாவட்டம், ஒன்றியம் என்று படிப்படியாக இறங்கி வருகிறது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்துகிறது. கடைசியில் அவர் கையில் எஞ்சுவது ஒரு தடித்த கையேடும் வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்தும்.

அக்கையேடு அவரிடம் ‘பாலினம் சார்ந்த மனப்பாங்குகளை விமர்சன நோக்கில் கலந்துரையாடுக’ என்கிறது. நாற்பத்தைந்து மாணவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும் வகுப்பில் அந்த வாக்கியம் என்ன செய்யும்? அவருக்குத் தேவை வாயால் சொல்லக்கூடிய முதல் வாக்கியம். பையன்கள் சிரித்தால் என்ன சொல்வது? ஒரு சிறுமி அழுதால் வகுப்பை எப்படி நிறுத்துவது? “சார், உங்களுக்கும் இப்படி ஆச்சா?” என்று கேட்டால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம்? ஆசிரியர் நூல் என்பது இவற்றுக்கு விடை தருவது. நோக்கங்களை அடுக்கும் நூல் நிதி தந்தவருக்கு எழுதப்பட்ட அறிக்கை.

இரண்டாவது மறுப்பு மொழியாளர்களிடமிருந்தே வரும். “பேச்சுவழக்கு தரமற்றது, கலைச்சொல்லைக் கற்பிப்பதே கல்வி.” கலைச்சொல் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இரட்டை வழக்கு வாழும் சமூகத்தில் எழுத்துச்சொல் தேர்வுக்கும் வீட்டுச்சொல் வாழ்வுக்கும் என்று பிரிந்துகிடக்கின்றன. இரண்டுக்கும் இடையே பாலம் கட்டுவது நலக்கல்வியின் முதற்பணி. ‘கண் இருட்டுவது’ என்று தொடங்கி ‘இரத்தசோகை’ என்று முடிக்கும் பாடம் கலைச்சொல்லைத் தாழ்த்தவில்லை. அதற்குப் பொருள் தருகிறது. வீட்டில் ‘தீட்டு’ என்றும் ‘தூரம்’ என்றும் வழங்குவதை நூல் கண்டுகொள்ளாமல் ‘மாதவிடாய்ச் சுகாதாரம்’ என்று மட்டும் பேசினால், தீட்டு அப்படியே இருக்கும். சுகாதாரம் அதன்மேல் பூசிய புதுச் சுண்ணாம்பாகும். ‘தீட்டு’ என்ற சொல்லைப் பெயர் சொல்லி எடுத்துப் பேசும் நூலால்தான் அதை அசைக்க முடியும்.

மேலும், மாநில மொழியே பல குழந்தைகளுக்கு வீட்டுமொழி அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகளாக 121ஐக் காட்டுகிறது. சந்தாலி, கோண்டி, குருக் பேசும் குழந்தைக்கு இந்திக் கையேடும் ஒடியாக் கையேடும் மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பே. கூடுமானவரை தாய்மொழியிலேயே பயிற்றுவிக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஒடிசா அரசு இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதியிலேயே பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கிக் காட்டியது. எழுத்தறிவுக்கு முடிந்தது உடல்நலத்துக்கு முடியாதா?

*

கல்விப்புலத்தாரும் இதில் கை கழுவ முடியாது. பள்ளி நலக்கல்வி பற்றிய ஆய்வேடுகள் ஆண்டுதோறும் குவிகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றே: பாடத்துக்கு முன் ஒரு வினாத்தாள், பாடத்துக்குப் பின் அதே வினாத்தாள், இடையில் உயர்ந்த மதிப்பெண்ணுக்கு ஒரு புள்ளியியல் முத்திரை. வினாத்தாளின் சொற்கள் நூலின் சொற்களே. ஆகவே அளக்கப்படுவது சொல்நினைவு. ‘இரத்தசோகையின் அறிகுறி எது?’ என்ற கேள்விக்குச் சரியான கட்டத்தில் குறியிடும் மாணவி, காலையில் கண் இருண்டு விழுந்ததை வெயிலின் கோளாறு என்றே எண்ணிக்கொண்டிருக்கலாம். ஆய்வேட்டில் அவள் வெற்றிக் கணக்கில் இருக்கிறாள். அந்தக் கணக்கைக் காட்டியே அதே நூல் அடுத்த ஆண்டும் அச்சாகிறது. மொழியியலாளர்களோ நலக்கல்வியை மருத்துவத் துறைக்கு உரியது என்று ஒதுக்கிவிட்டுச் சொற்பிறப்பில் மூழ்கிக் கிடக்கின்றனர்.

மாற்று கடினமானதன்று. ஒரு நூலை ஏற்பதற்கு முன் தேர்வுக் குழு செய்ய வேண்டியவை ஐந்து.

1. நூலின் ஒரு பக்கத்தை, அது போய்ச் சேரவிருக்கும் வட்டாரத்தில், அந்த அகவைப் பிள்ளைகள் இருபது பேரிடம் கொடுக்க வேண்டும். படித்த பின் நூலை மூடிவிட்டு, “உன் தங்கைக்கு இதைச் சொல்” என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்லும் மொழியில் செய்தி பிழையின்றி இருந்தால் நூல் தேறியது. ஆங்கிலத்துக்கு மீண்டும் பெயர்த்துச் சரிபார்க்கும் வழக்கமான முறை மொழிபெயர்ப்பாளரையே சோதிக்கிறது. குழந்தையின் விளக்கத்தைச் சோதிப்பதில்லை.

2. ஆசிரியர் ஒருவர் அந்தப் பாடத்தை உரக்க வாசிக்க வேண்டும். அவர் குரல் எங்கே தாழ்கிறது, எந்தச் சொல்லைத் தாண்டிச் செல்கிறார் என்று குறிக்க வேண்டும். அந்த இடங்களுக்கே பயிற்சி தேவை.

3. நூல் காட்டும் உணவும் பொருளும் அவ்வூரில் கிடைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆப்பிளும் பாதாமும் நிரம்பிய தட்டைப் பார்க்கும் உழவர் வீட்டுப் பிள்ளை, சத்து என்பது பணக்காரருக்கு உரியது என்றே கற்கும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், முட்டை, கருவாடு என்று அவரவர் மண்ணில் இருப்பது படத்தில் இருக்க வேண்டும். இந்தியரில் பெரும்பான்மையோர் உண்ணும் முட்டையையும் மீனையும் நாணத்தாலோ அரசியலாலோ தட்டிலிருந்து நீக்கிய படத்துக்கு ஏற்பளிக்கக் கூடாது.

4. பாடம் முடிந்ததும் குழந்தை யாரிடம் போகலாம் என்பது ஒவ்வொரு பாடத்திலும் இருக்க வேண்டும். உதவி எண் இன்று இயங்குகிறதா, பெயர் சொல்லப்படும் மருத்துவ நிலையத்தில் ஆள் இருக்கிறாரா என்று முன்பே பார்க்க வேண்டும். சொல்லத் தூண்டிவிட்டுக் கேட்க ஆளில்லாமல் விடுவது கொடுமை.

5. நூலை எழுதியவர், மொழிபெயர்த்தவர், பணம் தந்தவர் ஆகியோரின் பெயர்கள் அட்டையிலேயே இருக்க வேண்டும். அந்தப் பாடத்தோடு தொடர்புள்ள பொருளை விற்பவரின் நூலைக் குழு ஏற்கக் கூடாது, இலவசமாக வந்தாலும்.

இவற்றுக்குக் காலமும் பணமும் வேண்டுமே என்பது கடைசி மறுப்பு. இருபது பிள்ளைகளோடு ஒரு பக்கத்தைச் சோதிக்க ஒரு பிற்பகல் போதும். விளங்காத நூலை இலட்சக்கணக்கில் அச்சிட்டுப் பள்ளி அலமாரியில் கரையானுக்குத் தருவதைவிட அது மலிவு. ஒவ்வொரு மாநிலத்திலும் மொழியியல் துறைகளும் கல்வியியல் கல்லூரிகளும் மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறைகளும் உள்ளன. முதுகலை மாணவர்கள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலைகிறார்கள். தங்கள் மாவட்டப் பள்ளிக்கு இந்த ஆண்டு வந்திருக்கும் நலக்கல்வி நூலை எடுத்து இந்த ஐந்து வினாக்களால் சோதித்து முடிவுகளைப் பொதுவில் வைப்பதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. பிள்ளைகளைச் சந்திக்கப் பள்ளியின் இசைவும் பெற்றோரின் இசைவும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். அவ்வளவே.

அடுத்த கல்வியாண்டுக்கான மூட்டைகள் எங்கோ ஓர் அச்சகத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் இருக்கும் சொல் ஏதேனும் ஒன்று, ஏதோ ஓர் ஊரில் ஒரு சிறுமிக்குத் தன் உடலில் நடப்பதை வீட்டில் எடுத்துச் சொல்ல உதவ வேண்டும். உதவுமா என்று அவளிடமே கேட்டுவிட்டு அச்சிடுவதில் யாருக்கு என்ன இழப்பு?